எழுபது மீட்டரும் ஓர் அம்பும்

ஒலிம்பிக் வில்வித்தைத் திடலில் வில்லாளர் நிற்கும் கோட்டுக்கும் இலக்குப் பலகைக்கும் இடைப்பட்ட தூரம் 70 மீட்டர். பலகையில் ஒட்டியிருக்கும் தாளின் விட்டம் 122 சென்டிமீட்டர். வெளியிலிருந்து உள்ளே வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஐந்து நிறங்கள். நிறத்துக்கு இரண்டு வளையங்களாக மொத்தம் பத்து. நடுவில் 10 புள்ளி தரும் மஞ்சள் வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர். விரித்த உள்ளங்கை அதை மூடிவிடும். 70 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போதோ, கையை நீட்டிப் பிடித்த குண்டூசியின் தலையைவிட அது சிறியதாகத் தெரிகிறது.

இந்த அளவுகளை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் விளையாட்டின் உண்மையான கடினம் பிடிபடும். அம்பின் நீளம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். இலக்கின் தூரம் அதைப்போல் நூறு மடங்கு. ஆகவே அம்பின் வால்பகுதி விடுபடும் நேரத்தில் இருக்கவேண்டிய இடத்தைவிட்டு 0.6 மில்லிமீட்டர் விலகினால் போதும், சரியான மையத்துக்குப் போகவேண்டிய அம்பு 10 புள்ளி வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். ஒரு மில்லிமீட்டர் விலகினால் அது 9 புள்ளி வளையத்தில். உள்ளங்கை வில்லின் பிடியை அழுத்தும் விதம், நாண் முகவாயில் படியும் இடம், விரல்கள் நாணை விட்டு விலகும் வேகம் ஆகிய மூன்றில் எது மாறினாலும் இந்த 0.6 மில்லிமீட்டர் பறிபோகும். கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

இதற்குத் தென்கொரியாவின் இம் டாங்-ஹியூனைவிடப் பெரிய சான்று தேவையில்லை. அவருடைய இடக்கண்ணின் பார்வைத்திறன் இயல்பான கண்ணில் பத்தில் ஒரு பங்குதான். கண்ணாடியும் அணியாமல்தான் எய்தார். தூரத்து இலக்கு அவருக்கு ஒன்றோடொன்று கலந்த நிறங்களாகத் தெரியும். அந்தக் கண்களோடு 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில் 72 அம்புகளில் 699 புள்ளி எடுத்து அன்றைய உலகச் சாதனையைப் படைத்தார். முழுப் புள்ளி 720. அப்படியென்றால் 72 அம்புகளுக்கும் சேர்த்து அவர் இழந்தது 21 புள்ளிகள்தான். இந்த விளையாட்டில் குறிபார்ப்பது சிறு பகுதி. ஒரே செயலை, ஒரே உடலால், ஒரே மாதிரி மறுபடி மறுபடி செய்வதுதான் பெரும்பகுதி.

இந்தப் போட்டிகளில் பயன்படும் ரிகர்வ் வில்லின் கைகள் நுனியில் வில்லாளரிடமிருந்து விலகி முன்பக்கமாக வளைந்திருக்கும். நேரான கைகள் கொண்ட வில்லைவிட இந்த வளைவு அதிக ஆற்றலைத் தேக்கிக்கொள்கிறது. இழுவையும் சீராக இருக்கும். மத்திய ஆசியப் புல்வெளிகளின் குதிரைவீரர்கள் மரம், கொம்பு, விலங்கின் தசைநார் ஆகியவற்றை ஒட்டிச் செய்த குட்டையான விற்களில் இந்த வளைவு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உண்டு. இன்றைய போட்டி வில்லின் நடுப்பகுதி பெரும்பாலும் அலுமினியம். கைகள் கார்பன் இழைக்கு நடுவே மரத்தையோ நுரைப்பொருளையோ வைத்து அடுக்கியவை. முன்னால் நீண்டிருக்கும் கம்பிகள் வில் ஆடாமல் காக்கின்றன. குறிபார்க்கச் சிறு வளையம் ஒன்று இருக்கும். உருப்பெருக்கும் கண்ணாடிக்கும் மின்னணுக் கருவிக்கும் அனுமதி இல்லை. காம்பவுண்ட் என்னும் இன்னொரு வகை வில்லில் கப்பிகள் இழுவையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். ரிகர்வில் முழுச்சுமையும் கடைசிவரை மூன்று விரல்களிலும் முதுகுத் தசைகளிலும்தான். ஆடவர் இழுப்பது 20 கிலோவுக்கு மேல். நாளொன்றுக்கு 300 அம்புகள் எய்து பழகுபவரின் முதுகு அன்றைக்கு ஆறு டன் இழுத்திருக்கும்.

அம்பும் எளிய பொருள் அல்ல. மெல்லிய அலுமினியக் குழாயின் மேல் கார்பன் போர்த்தியது. நடுவில் சற்றுப் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கியிருக்கும். எடை 20-25 கிராம். விரல்களிலிருந்து நாண் நழுவும்போது சற்றுப் பக்கவாட்டில் விலகித்தான் முன்னே பாய்கிறது. அதன் தள்ளலில் அம்பு நேராகப் போவதில்லை. வளைந்து, எதிர்ப்பக்கம் மறுபடி வளைந்து, வில்லின் நடுப்பகுதியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. வேகத்தைக் குறைத்துக் காட்டும் படக்காட்சிகளில் அது நெளிவது நன்றாகத் தெரியும். அந்த நெளிவு வில்லின் வலுவுக்கும் வில்லாளரின் இழுப்புக்கும் பொருந்தியிருக்க வேண்டும். மிக விறைப்பான அம்பு ஒரு பக்கம் ஒதுங்கும். மிக நெகிழ்வான அம்பு மறுபக்கம் ஒதுங்கும். ஆகவே ஒருவருக்கு அமைந்த அம்பு இன்னொருவருக்கு அமையாது.

நொடிக்கு 60 மீட்டர் என்ற வேகத்தில் இலக்கை அடைய ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலாகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறத்தாழ ஏழு மீட்டர் கீழே இழுத்துவிடும். அதை ஈடுகட்ட அம்பு ஐந்து, ஆறு பாகை மேல்நோக்கியே புறப்படுகிறது. குறிவளையம் மஞ்சளைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அம்பு பலகைக்கு மேலே உள்ள வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

காற்று வீசினால் மஞ்சளையும் குறிவைக்க முடியாது. ஒவ்வொரு பலகைக்கு மேலும் சிறு கொடி ஒன்று உண்டு. கோட்டருகே காற்று ஒரு பக்கம் வீச, கொடி மறுபக்கம் பறக்கலாம். பாரிஸின் இன்வாலிட் முற்றம், ரியோவின் சம்பா அணிவகுப்பு வீதி, லண்டனின் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானம் என்று அண்மைக் கால ஒலிம்பிக் திடல்கள் பலவற்றில் பார்வையாளர் மாடங்களுக்கு நடுவே காற்று சுழன்று திரும்பும். வில்லாளர் சிவப்பு வளையத்தின் ஓரத்தைக் குறிவைத்து, மஞ்சளுக்குக் காற்று கொண்டுசேர்க்கும் என்று நம்பி விடவேண்டியிருக்கிறது. நம்பி எய்த பிறகு காற்று நின்றுவிட்டால் அம்பு சிவப்பிலேயே தங்கும்.

ஓர் அம்பு எய்யப்படும் விதத்தை அருகிலிருந்து பார்க்கலாம். வில்லாளரின் கால்கள் கோட்டின் இருபுறமும் ஊன்றியிருக்கும். அம்பின் வாலிலுள்ள பிளவை நாணில் பொருத்தி, சுட்டுவிரலை அம்புக்கு மேலும் அடுத்த இரு விரல்களை அம்புக்குக் கீழும் வைத்து நாணைக் கோர்க்கிறார். விரல்களைக் காக்கத் தோல்பட்டை ஒன்று. வில் எழுகிறது. நாண் பின்னால் வந்து முகவாயில் பதிந்து, மூக்கு நுனியைத் தொடுகிறது. பல்லாயிரம் தடவை தொட்ட அதே இடத்தில் தொடவேண்டும். உதட்டோரத் தோல்தான் இங்கே அளவுகோல்.

இந்த நிலையில் அம்பின் முனை, வில்லில் பொருத்தியிருக்கும் மெல்லிய உலோகத் தகடு ஒன்றின் அடியில் இருக்கிறது. தகட்டின் பெயர் கிளிக்கர். இழுப்பு முடிந்ததுபோல் தோன்றினாலும் இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது. தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்க, முனை தகட்டின் அடியிலிருந்து மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நழுவுகிறது. முற்றிலும் நழுவியதும் தகடு வில்லில் அடித்து ‘டிக்’ என்று ஒலிக்கிறது. அந்த ஒலியைக் கேட்டதும் விரல்கள் தளர்கின்றன. ஒவ்வொரு தடவையும் நாண் ஒரே அளவு இழுபட்டிருப்பதை கிளிக்கர் உறுதி செய்கிறது. அதைவிட முக்கியமான வேலை ஒன்றையும் அது செய்கிறது: எப்போது விடுவது என்ற முடிவை மனத்தின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. மஞ்சளில் குறி நிற்கும்போது விட்டுவிடலாம் என்று மனம் அவசரப்பட்டால் விரல்கள் இறுகும், அம்பு தெறிக்கும். தலைசிறந்த வில்லாளர்கள் பலரை இந்த அவசரம் ஆண்டுக்கணக்கில் முடக்கிப்போட்டிருக்கிறது. மஞ்சளைக் கண்டதும் உறையும் கை, அல்லது மஞ்சளை எட்டும் முன்பே விட்டுவிடும் கை. வலுவான காற்றைவிட வில்லாளர்கள் அஞ்சுவது இதற்குத்தான்.

அம்பு போனபின் வில் கையிலிருந்து முன்னால் விழுகிறது. விரல்களில் கட்டிய கயிறு அதைத் தாங்கிக்கொள்கிறது. பிடியை இறுக்கிப் பிடிக்காததற்கு அந்த விழுதலே சாட்சி.

ஒலிம்பிக்கில் வில்வித்தை 1900 பாரிஸில் நுழைந்தது. 1904, 1908, 1920 ஆண்டுகளிலும் நடந்தது. ஒவ்வொரு தடவையும் நடத்திய நாட்டின் வழக்கப்படியே விதிகள். 1908 லண்டனில் மகளிர் தங்கம் வென்ற குவீனி நியூவாலுக்கு அப்போது வயது 53. ஒலிம்பிக் தங்கம் வென்ற பெண்களில் மிக மூத்தவர்களில் ஒருவர் அவர். வெள்ளி வென்றவர் லாட்டி டாட். விம்பிள்டன் டென்னிஸில் ஐந்து முறை வாகை சூடியவர் அவர். பெல்ஜியத்தின் ஹூபர்ட் வான் இன்னிஸ் 1900இலும் 1920இலுமாக ஆறு தங்கம், மூன்று வெள்ளி வென்றார். ஆனால் நாட்டுக்கு நாடு விதி மாறும் விளையாட்டை ஒலிம்பிக் நெடுநாள் சுமக்கவில்லை. 1920க்குப் பின் கைவிட்டது. 1931இல் அன்றைய போலந்தின் லிவோவ் நகரில் பன்னாட்டுச் சம்மேளனம் தோன்றி, பொது விதிகள் உருவாகி, அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் 1972 மியூனிக்கில் வில்வித்தை திரும்பி வந்தது.

அப்போதைய வடிவம் நீண்ட எண்ணிக்கை. நான்கு தூரங்களிலிருந்து மொத்தம் 288 அம்புகள். முழுப் புள்ளி 2880. அமெரிக்காவின் ஜான் வில்லியம்ஸ் 2528 எடுத்துத் தங்கம் வென்றார். நாட்கணக்கில் எய்து, கூட்டி, அதிகம் எடுத்தவருக்குத் தங்கம். யார் சிறந்தவர் என்று அளக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது. பார்ப்பதற்கு இதைவிடச் சோர்வான வழியும் கிடையாது. யார் முன்னணியில் என்று அரங்கில் இருப்பவருக்கே விளங்காது.

தொலைக்காட்சிக்கு ஏற்ற வடிவம் தேவைப்பட்டது. 1988 சியோலில் அணிப் போட்டி சேர்ந்தது. 1992 பார்சிலோனாவில் இருவர் நேருக்கு நேர் மோதித் தோற்றவர் வெளியேறும் முறை வந்தது. அந்த ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் தீபத்தை ஏற்றியதும் ஓர் அம்புதான். எய்தவர் ஸ்பெயினின் பாராலிம்பிக் வில்லாளர் அந்தோனியோ ரெபோயோ. 2012 லண்டனில் தனிநபர் போட்டிக்கும் 2016 ரியோவில் அணிப் போட்டிக்கும் செட் முறை வந்தது. டோக்கியோவில் கலப்பு அணிப் போட்டியும் சேர்ந்து, பதக்கங்கள் ஐந்து ஆயின.

இன்றைய முறை இதுதான். ஆடவர் 64 பேர், மகளிர் 64 பேர். முதலில் எல்லோரும் தரவரிசைச் சுற்றில் 72 அம்புகள் எய்கிறார்கள். முதலிடம் பெற்றவர் 64ஆம் இடத்தவரோடும், இரண்டாமவர் 63ஆமவரோடும் மோதுகிறார். தனிநபர் மோதலில் செட்டுக்கு மூன்று அம்புகள். செட்டில் அதிகம் எடுத்தவருக்கு இரண்டு புள்ளி, சமமானால் தலா ஒன்று. முதலில் ஆறு எட்டியவருக்கு வெற்றி. அம்புகள் மாறி மாறிப் பறக்கும். ஒன்றுக்கு 20 நொடி. ஐந்து செட் முடிந்தும் 5-5 என நின்றால் இருவருக்கும் ஓர் அம்பு. அதிலும் புள்ளி சமமானால் மையத்துக்கு அருகில் குத்தியவருக்கு வெற்றி.

செட் முறை கூட்டுத்தொகையைக் கலைத்துவிட்டது. ஒருவர் மூன்று செட்களை 28-27 என்று வென்று, ஒரு செட்டை 24-30 என்று இழந்தால், மொத்தத்தில் 108-111 என்று பின்தங்கியிருந்தும் 6-2 என வெல்வார். தவறிய ஓர் அம்பு ஒரு செட்டோடு மறக்கப்படுகிறது. மோசமாகத் தொடங்கியவர் மீண்டெழலாம் என்பதால் இது மனிதத்தன்மை உள்ள விதி. ஆனால் 288 அம்புகளில் ஒளிந்துகொள்ள முடியாத ஏற்றத்தாழ்வு ஒன்பது அம்புகளில் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

ஒளிந்துகொள்வதன் உச்சம் அந்த ஒற்றை அம்பு. லண்டனில் மகளிர் தனிநபர் இறுதியில் கொரியாவின் கீ போ-பேயும் மெக்சிகோவின் ஐடா ரோமானும் 5-5இல் நின்றார்கள். இருவரும் எடுத்தது எட்டு. அந்த மட்டத்தில் இருவருக்குமே அது மோசமான அம்பு. மையத்துக்குச் சற்று அருகில் இருந்த கீயின் எட்டுக்குத் தங்கம் போயிற்று. டோக்கியோவில் லண்டன் வாகையர் ஓ ஜின்-ஹியெக்கை இந்தியாவின் அதனு தாஸ் இதே ஒற்றை அம்பில் வீழ்த்தினார். பாரிஸில் அஜர்பைஜானின் யாய்லாகுல் ரமசானோவா ஆறரை மாதக் கருவோடு கோட்டில் நின்று, அந்த ஒற்றை அம்பில் பத்து எய்து, சீன வீராங்கனையை வெளியேற்றினார்.

பாரிஸில் 2024 ஆகஸ்ட் 4 அன்று நடந்த ஆடவர் தனிநபர் இறுதி இந்த வடிவத்தின் எல்லையைத் தொட்டது. ஒரு பக்கம் கொரியாவின் கிம் ஊ-ஜின். மறுபக்கம் அமெரிக்காவின் பிராடி எலிசன்; 2019இல் லிமாவில் நடந்த அமெரிக்கக் கண்ட விளையாட்டில் 720க்கு 702 எடுத்து உலகச் சாதனை படைத்தவர். ஐந்தாவது செட்டில் இருவரும் மூன்று அம்புகளையும் பத்தில் குத்தி 30-30. ஆட்டம் 5-5. ஒற்றை அம்பிலும் இருவரும் பத்து. அளந்து பார்த்தார்கள். மையத்திலிருந்து கிம்மின் அம்பு 55.8 மில்லிமீட்டர். எலிசனின் அம்பு 60.7 மில்லிமீட்டர். வித்தியாசம் 4.9 மில்லிமீட்டர். முன்பு போட்ட கணக்கை இங்கே வைத்தால், விரல்களிடத்தில் அது 0.05 மில்லிமீட்டர், சராசரித் தலைமயிரின் தடிமன்கூட இல்லை. அந்த வித்தியாசத்தை எந்த மனித உடலும் தன் விருப்பப்படி உண்டாக்க முடியாது. ஆகவே அன்று தங்கம் வென்றவர் மற்றவரைவிடச் சிறந்தவர் என்று அந்த அம்பை மட்டும் வைத்துச் சொல்வது தவறு. இருவரும் ஒரே தரம். ஒருவருக்குத் தங்கம், ஒருவருக்கு வெள்ளி. தோல்விக்குப் பின் எலிசன் கிம்மின் கையைப் பிடித்து உயர்த்தினார். அரங்கம் எழுந்து நின்றது.

ஒற்றை அம்பில் தற்செயலுக்கு இவ்வளவு இடம் இருக்குமானால் ஒரே நாடு எப்படித் தொடர்ந்து வெல்கிறது? மகளிர் அணிப் போட்டி தொடங்கிய 1988 முதல் 2024 வரை பத்து ஒலிம்பிக். பத்திலும் தென்கொரியாவுக்கே தங்கம். பாரிஸில் ஐந்து தங்கமும் அவர்களுக்கே. 1984 முதல் தொடர்ந்து வைத்திருந்த மகளிர் தனிநபர் பட்டத்தை 2008 பெய்ஜிங்கில் சீனாவின் ஜாங் ஜுவான்ஜுவான் பறித்தார். அதற்கு அவர் ஒரே ஒலிம்பிக்கில் மூன்று கொரிய வீராங்கனைகளை அடுத்தடுத்து வெல்லவேண்டியிருந்தது. இறுதியில் 110-109. அடுத்த ஒலிம்பிக்கிலேயே கொரியா பட்டத்தை மீட்டுக்கொண்டது.

விடை தேர்வுமுறையில் இருக்கிறது. கொரியாவில் ஒலிம்பிக் அணிக்கான தேர்வு பல மாதங்கள், பல கட்டங்கள், பல்லாயிரம் அம்புகள். முந்தைய பதக்கத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை. டோக்கியோவில் ஒரே ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற அன் சான், பாரிஸ் அணியில் இடம்பிடிக்கவில்லை. பாரிஸ் சென்ற மகளிர் மூவருக்கும் அது முதல் ஒலிம்பிக். டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனபோது தேர்வையே புதிதாக நடத்தினார்கள். முந்தைய தேர்வைக் காயத்தால் தவறவிட்ட கிம் ஜே-டியோக் அப்படித்தான் அணிக்குள் வந்தார். டோக்கியோவின் தரவரிசைச் சுற்றில் ஆடவரில் முதலிடம் பிடித்ததால் கலப்பு அணியில் இடம் கிடைத்தது. 17 வயதில் தங்கம். கலப்பு அணியில் யார் எய்வது என்பதைப் பயிற்சியாளரின் விருப்பம் அங்கே தீர்மானிக்கவில்லை. 72 அம்புகள் தீர்மானித்தன.

பயிற்சியிலும் அதே பிடிவாதம். ஜின்சியோன் பயிற்சி மையத்தில் டோக்கியோவின் யுமெனோஷிமா திடலைப் போலவே ஒரு திடல் அமைத்துப் பழகினார்கள். கூச்சலுக்குப் பழக பேஸ்பால் அரங்குகளில் எய்தார்கள். தொடக்கப் பள்ளியிலிருந்தே வில் பிடிக்கும் பிள்ளைகள், 1985 முதல் ஹூண்டாய் நிறுவனம் தொடர்ந்து தரும் ஆதரவு ஆகியவை இதற்குப் பின்னால் உள்ளன. கொரியர்களின் விரல்நுனி பற்றியும் பாரம்பரியம் பற்றியும் எழுதப்படும் கதைகளைவிட இந்த ஏற்பாடுகளே நம்பத்தகுந்த காரணம். தற்செயலை ஒழிக்க முடியாது. அதற்குக் கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கலாம். சமமான ஆற்றலுள்ள மூவரை அனுப்பினால் ஒருவருக்கு நேரும் விபத்தை மற்றவர் சரிசெய்வார்.

அப்படியும் கத்தி முனையில்தான் நடக்கிறார்கள். பாரிஸில் பத்தாவது அணித் தங்கம் சீனாவுக்கு எதிராக 4-4 என நின்று, அம்பு மோதலில்தான் கிடைத்தது. கோட்டின் மேல் விழுந்த அம்புகளை நடுவர் பலகை அருகே போய்ப் பார்த்த பிறகே முடிவு தெரிந்தது.

இந்த விளையாட்டின் இன்னொரு முனையும் ஒலிம்பிக்கில்தான் தெரியும். உலகக் கோப்பைத் தொடர்களில் வலுவான நாடுகளே நிறைந்திருக்கும். எல்லா நாட்டுக்கும் கதவு திறந்திருக்கும் ஒலிம்பிக்கில், பாரிஸின் முதல் சுற்றில் கிம் ஊ-ஜின் எதிர்கொண்டது சாடு நாட்டின் இஸ்ராயேல் மதாயேவை, 64ஆம் இடத்தவர். அவருடைய அம்புகளில் ஒன்று ஒரு புள்ளி வளையத்தில் விழுந்தது. உலகம் முழுக்க அதைப் பார்த்தார்கள். கேலியைவிட அன்புதான் அதிகம் வந்தது. வில்வித்தையைத் தேசிய விளையாட்டாகக் கொண்ட பூட்டான் 1984இல் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது அனுப்பிய ஆறு பேரும் வில்லாளர்களே. ஊர்த்திருவிழாவில் 140 மீட்டருக்கும் மேல் எய்யும் மக்கள் அவர்கள். அதே 1984இல் நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கோட்டுக்கு வந்தார். இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒருவர் ஒலிம்பிக்கில் போட்டியிட்டது அதுவே முதல் முறை. நிற்பவரும் அமர்ந்தவரும் ஒரே கோட்டில் ஒரே விதியில் மோத இடம்தரும் விளையாட்டுகள் மிகச் சில.

இந்தியா ஒலிம்பிக் வில்வித்தையில் 1988 முதல் பங்கேற்கிறது. ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்திலிருந்து வந்த லிம்பா ராம் மூன்று ஒலிம்பிக்கில் எய்தார். ராஞ்சியின் தீபிகா குமாரி 2012இல் உலகத் தரவரிசையின் முதலிடத்தோடு லண்டன் போய் முதல் சுற்றிலேயே தோற்றார். 2021 ஜூனில் பாரிஸ் உலகக் கோப்பையில் ஒரே நாளில் மூன்று தங்கம் வென்றார். அடுத்த மாதம் டோக்கியோ காலிறுதியில் அன் சானிடம் 6-0 எனத் தோற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் காலிறுதியோடு நின்றார். அங்கித்தா பகத், தீரஜ் பொம்மதேவரா இணை பாரிஸ் கலப்பு அணிப் போட்டியில் நான்காம் இடம் பெற்றது. இந்திய வில்வித்தை ஒலிம்பிக் பதக்கத்துக்கு இதுவரை மிக அருகில் வந்தது அதுவே.

பெரிய மேடையில் நம்மவர்கள் பதறிவிடுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதப்படுகிறது. எண்கள் வேறு சொல்கின்றன. பாரிஸ் தரவரிசைச் சுற்றில் கொரிய ஆடவர் மூவர் சேர்ந்து எடுத்தது 2049. இந்திய மூவர் 2013. அது மூன்றாம் இடம், பெருமைப்படத்தக்க எண். வித்தியாசம் 36 புள்ளி, 216 அம்புகளில். ஆறு அம்புக்கு ஒரு புள்ளி. அணிப் போட்டியில் ஒரு செட்டுக்கு எத்தனை அம்பு? ஆறு. ஆக, சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு செட்டிலும் கொரியா ஒரு புள்ளி முன்னால் நிற்கிறது. மகளிரில் 2046க்கு எதிராக 1983. இடைவெளி இன்னும் பெரிது. இதில் பதற்றத்துக்கு முன்பே வந்துவிடும் ஒரு குறை இருக்கிறது. செட்டுக்கு ஒரு புள்ளி என்ற அந்தக் குறையைப் பயிற்சித் திடலில், வருடக்கணக்கில், அம்பு அம்பாகத்தான் அடைக்க முடியும். இரு பிரிவாகப் பிளந்த சங்க நிர்வாகத்தின் சண்டையால் 2019இல் உலகச் சம்மேளனம் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அந்த ஆண்டு ஆசிய வில்வித்தை வாகையர் போட்டியில் இந்திய வில்லாளர்கள் தேசியக் கொடி இல்லாமல் எய்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டுகள் அந்த ஒரு புள்ளியை இன்னும் தள்ளிவைக்கின்றன.

டோக்கியோவில் கலப்பு அணிக்குத் தீபிகாவோடு அவருடைய கணவர் அதனு தாஸைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தரவரிசைச் சுற்றில் அதனுவைவிட முன்னால் வந்தவர் பிரவீண் ஜாதவ். அவரையே இறக்கினார்கள், காலிறுதியில் கொரியாவிடம் தோல்வி, விமர்சனம் எழுந்தது. தோல்வி வேறு, முடிவு வேறு. 72 அம்பின் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது சரியான முடிவு. அன்று அதைக் கைவிடும்படி கேட்டவர்கள்தான் தவறு.

இந்தியாவுக்கு ரிகர்வ் வில்லில் தங்கம் வந்தது பாராலிம்பிக்கில். ஹரியானாவின் ஹர்விந்தர் சிங், கைக்குழந்தைப் பருவத்தில் நேர்ந்த சிகிச்சைக் கோளாறால் கால்கள் பாதிக்கப்பட்டவர். டோக்கியோவில் வெண்கலத்துக்கான மோதலில் கொரியாவின் கிம் மின்-சுவை ஒற்றை அம்பில் 10-8 என்று வென்றார். பாரிஸ் இறுதியில் போலந்து வீரரை 6-0 என்று வென்றார். அதே 70 மீட்டர், அதே 122 சென்டிமீட்டர் தாள். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் இந்திய வில்வித்தையின் முதல் தங்கம் அது. அதற்குக் கிடைக்கவேண்டிய இடம் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் கிடைக்கவில்லை.

மோதல் முறை ஒழியவேண்டும் என்பதில்லை. 20 நொடி ஓடிக்கொண்டிருக்க ஒருவர் தனியாக நிற்பதைப் பார்க்கும் அனுபவத்தை 288 அம்புகளின் கூட்டல் தராது. ஆனால் யார் சிறந்தவர் என்ற கேள்விக்கு ஒலிம்பிக் தரும் நேர்மையான விடை, தொடக்க நாளில் ஏறக்குறைய ஆளில்லாத அரங்கில் நடந்து முடியும் தரவரிசைச் சுற்றில்தான் இருக்கிறது. பாரிஸில் கொரியாவின் லிம் சி-ஹியோன் 694 எடுத்து மகளிர் உலகச் சாதனை படைத்தது அந்தச் சுற்றில். அதற்குக் கிடைத்தது முதல் சுற்றில் கடைசி இடத்தவரோடு மோதும் வாய்ப்பு. நீச்சலிலும் ஓட்டத்திலும் ஒரே வீரருக்குப் பல தூரங்களில் பதக்கம் உண்டு. 72 அம்புகளை எண்ணி ஒரு பதக்கம் தருவதில் எந்தத் தடையும் இல்லை; தரவேண்டும்.

2028 லாஸ் ஏஞ்சலிஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்வதால் வில்வித்தைப் பதக்கங்கள் ஆறாகின்றன. ரிகர்வின் ஐந்தும் அப்படியே தொடர்கின்றன. தரவரிசைச் சுற்றுக்கு அங்கும் பதக்கம் கிடையாது.